பதினொரு மணி டிஸ்சார்ஜ்

பிரசவ வலி எடுத்த பிறகும் லத்ரீஸ் முக்கால் மணி நேரம் கண்ணாடி முன்னால் நின்றாள். உதட்டுச் சாயம், காதில் முத்துத் தோடு, புது நீல அங்கி. முந்தின சனிக்கிழமை ஏழு மணி நேரம் உட்கார்ந்து தலை முழுக்கச் சன்னச் சடைகள் பின்னிக்கொண்டிருந்தாள். கடைசியாகப் பள்ளிக்கூட அடையாள அட்டையை எடுத்துக் கழுத்தில் மாட்டினாள். மிஸஸ் லத்ரீஸ் பெட்வே, நான்காம் வகுப்பு, அறிவியல்.

"என்ன, இன்ஸ்பெக்‌ஷனுக்கா கிளம்புற?" என்று கேட்டேன். காரைக் கிளப்பி வைத்துப் பத்து நிமிடம் ஆகியிருந்தது.

"ஆமா, இன்ஸ்பெக்‌ஷன்தான். போய் இறங்கின உடனே மேலயும் கீழயும் ஒரு பார்வை பாப்பாங்கல்ல, அதுல நான் பாஸ் பண்ணணும். பாஸ் பண்ணாதான் நான் சொல்றது அவங்க காதுல விழும்."

அவளுடைய அக்கா தவானா என் மனைவி. ஆறு வருஷத்துக்கு முன்னால் அதே மருத்துவமனைக்குத்தான் அவளைக் கூட்டிப் போனேன். தவானா வீட்டில் உடுத்தியிருந்த உடையிலேயே, தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு போனாள். தப்பு அங்கேதான் ஆரம்பித்தது என்பது லத்ரீஸின் எண்ணம். நான் அப்படி நினைக்கவில்லை. ஆனால் அலபாமாவில் எங்கள் கறுப்பு நிறத்தில் பிறந்த யாரும் அந்த எண்ணத்தை முட்டாள்தனம் என்று சொல்லிவிட முடியாது.

எங்கள் மாவட்டத்தில் பிரசவம் பார்க்கும் இடமே இல்லை. இருந்த ஒன்றையும் மூடிவிட்டார்கள். நகரத்துக்கு எழுபது மைல். வழியெல்லாம் பைன் மரங்கள், இரண்டு பெட்ரோல் பங்க், அவ்வளவுதான்.

தவானாவுக்குப் பிரசவம் நல்லபடியாகத்தான் முடிந்தது. எங்கள் மகள் ஐரிஸ் பிறந்து இரண்டாம் நாள், தலை வெடிக்கிறது என்றாள். ஒரு மாத்திரை கொடுத்தார்கள். கண்ணுக்கு முன்னால் மின்மினி பறக்கிறது என்றாள். முதல் பிரசவத்தில் எல்லோருக்கும் பதற்றம் இருக்கும் என்றார் டாக்டர். மத்தியானம் நான் குரலை உயர்த்தினேன். நான் ஆறடி மூன்று அங்குலம், அதற்கேற்ற எடை. என் குரல் உயர்ந்தால் அந்த அறையில் இருப்பவர்கள் கேட்பது வார்த்தையை அல்ல. இரண்டு காவலர்கள் வந்து என்னைக் கார் நிறுத்துமிடம் வரை நடத்திப் போனார்கள். ஒரு மணி நேரம் ஆறிவிட்டு வாருங்கள் என்றார்கள். காவலர்களோடு வாதாடக்கூடாது என்று சிறுவயதிலிருந்து எனக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. நான் வாதாடவில்லை. காரில் உட்கார்ந்து வானொலியில் கூடைப்பந்து வர்ணனை கேட்டேன். மூன்றாவது மாடியில் அவளுக்கு வலிப்பு வந்தது அந்த நேரத்தில்தான். பிரஷர் ஏறி மூளையில் ரத்தம் கசிந்தது என்று பிறகு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்கள். நான் ஆறிவிட்டேனா என்று பார்க்க யாரும் வரவில்லை.

அடக்கம் முடிந்த அடுத்த மாதம், எங்கள் நேபோ மலைச் சபையில் வாசல் ஊழியர்களின் கூட்டம் நடந்தது. ஆராதனை நேரத்தில் வெள்ளைச் சீருடை, வெள்ளைக் கையுறையோடு கதவருகே நிற்பவர்கள் அவர்கள். வருகிறவர்களை உட்கார வைப்பார்கள், மயங்கி விழுபவர்களைத் தாங்குவார்கள். ஆராதனை முடியும்வரை ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். எல்லாம் கைச்சாடைதான். இரண்டு இடம் காலி, தண்ணீர் வேண்டும், போதகரின் மைக் வேலை செய்யவில்லை, எல்லாவற்றுக்கும் சாடை உண்டு. மாற்ற ஆள் வராமல் நின்ற இடத்தை விட்டு நகரக்கூடாது என்பது அவர்களின் ஒரே சட்டம்.

அவர்களின் தலைவி சிஸ்டர் பெர்னடீன். கோழி வெட்டும் தொழிற்சாலையில் வேலை. குட்டை உருவம், அகலத்தில் அதைச் சரிசெய்துகொண்டவள். அன்றைக்கு எழுந்து நின்று சொன்னாள்: "சபைக் கதவுக்கு நாலு பேர் நிக்கிறோம். ஆண்டவரை யாரும் தூக்கிட்டுப் போயிடப் போறதில்ல. நம்ம பொண்ணுங்க பிள்ளை பெறுற கதவுல ஒருத்தர்கூட நிக்கல."

அதிலிருந்து சபையில் யாருக்குப் பிரசவம் என்றாலும் கட்டில் பக்கத்தில் ஒரு வாசல் ஊழியர் நிற்பார். முறை போட்டு மாறி மாறி நிற்பார்கள். ஆறு வருஷத்தில் பதினோரு பிரசவம். பதினோரு தாய்மாரும் வீட்டுக்கு வந்தார்கள். அவர்களைக் கொண்டுபோய் விடுவதும் கூட்டி வருவதும் என் வேலை. கார் நிறுத்துமிடத்தோடு சரி. அந்தக் கட்டடத்துக்குள் என் கால் போகவில்லை.

பன்னிரண்டாவது லத்ரீஸ்.

செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு ஆண் குழந்தை, எட்டு பவுண்டு. அவள் கணவன் டெஸ்மண்ட் லாரி ஓட்டுபவன். குழந்தை இரண்டு வாரம் முந்திக்கொண்டதால் அவன் ஓக்லஹோமாவில் மாட்டிக்கொண்டான். பெர்னடீன் மூன்று நாள் விடுப்பு எடுத்து, வெள்ளைச் சீருடையோடு அறையில் இருந்தாள். பக்கத்து அறை நோயாளிகள் அவளை நர்ஸ் என்று நினைத்துத் தண்ணீர் கேட்டார்கள். கொண்டுபோய்க் கொடுத்தாளாம்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு டிஸ்சார்ஜ். பத்தரைக்கே வந்து காரில் காத்திருந்தேன். போன் அடித்தது.

"எஸ்ரா, மேல வா."

"சிஸ்டர், நான் இங்கயே இருக்கேன். நீங்க கீழ—"

"குழந்தை சீட்டைத் தூக்கிட்டு மூணாவது மாடிக்கு வா. இந்தப் பொண்ணு என்கிட்ட பொய் சொல்லுது. உன்கிட்டயும் சொல்லுதான்னு பாக்கணும்."

மின்தூக்கியில் யாரும் இல்லை. அது நல்லதாகப் போயிற்று. மூன்றாவது மாடியில் கதவு திறந்தபோது, தரையில் போடும் மெழுகின் வாடை அப்படியே இருந்தது. சீட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

அறையில் ஜன்னல் திரை இறக்கியிருந்தது. வெளியே நல்ல வெயில். லத்ரீஸ் கிளம்பத் தயாராகக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். உதட்டுச் சாயம், தோடு, கழுத்தில் அட்டை. புன்னகை. கெல்லி என்ற நர்ஸ் தாள்களைப் புரட்டி ஒவ்வொன்றாகப் படித்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தாள். வெள்ளைக்காரப் பெண், முப்பது வயதிருக்கும். காலையிலிருந்து உட்காரவே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"வலி எவ்வளவு இருக்கு செல்லம்? ஒன்னுலேருந்து பத்துக்குள்ள சொல்லு."

"ரெண்டு, மேடம்," என்றாள் லத்ரீஸ், வகுப்பில் பேசும் குரலில்.

அதைச் சொல்லும்போதே அவளுடைய வலது கை மேலே போயிற்று. இரண்டு விரல்கள் இடது தோளெலும்பைத் தொட்டன. ஒருமுறை, இன்னொரு முறை. கண் பெர்னடீனைப் பார்த்தது.

கெல்லிக்கு அது பெண்கள் சட்டையைச் சரிசெய்யும் அசைவு. லத்ரீஸ் ஏழு வயதில் குழந்தைகளின் வாசல் ஊழியத்தில் சேர்ந்தவள். எங்கள் சபையில் அந்தச் சாடைக்கு ஒரே அர்த்தம்தான்: என்னால் நிற்க முடியவில்லை, என் இடத்துக்கு ஆள் அனுப்பு.

பெர்னடீன் என்னைப் பார்த்தாள். நான் சீட்டைக் கீழே வைத்தேன்.

"கெல்லி மேடம், ஒரு நிமிஷம் பொறுங்க," என்றாள் பெர்னடீன். பையிலிருந்து பிரஷர் கருவியை எடுத்து லத்ரீஸின் கையில் சுற்றினாள். எங்கள் சபையில் நாற்பது தாண்டியவர்களில் பிரஷர் இல்லாதவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் நலம் விசாரிப்பதே அந்த எண்களைச் சொல்லித்தான். அதனால் கருவியில் எண் நின்றபோது எங்கள் இருவருக்கும் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

நூற்று எழுபத்திரண்டு. கீழே நூற்றுப் பதினான்கு.

"வீட்டு மெஷினெல்லாம் சரியாக் காட்டாது," என்றாள் கெல்லி. "காலையில ஆறு மணிக்குப் பாத்திருக்கு. நூத்தி முப்பத்தெட்டு. டாக்டர் ப்ரூயிட் பாத்துட்டுதான் கையெழுத்துப் போட்டிருக்கார்."

"ஆறு மணிக்கு நானும்தான் ஒல்லியா இருந்தேன்," என்றாள் பெர்னடீன். "இப்ப மணி பதினொன்னு."

அந்த நேரத்தில் சக்கர நாற்காலி வந்துவிட்டது. அதைத் தள்ளி வந்தவள் எங்கள் நிறத்துப் பெண், நரைத்த தலை, ஆண்கள் போடும் செருப்பு. "வண்டி ரெடி," என்றாள்.

லத்ரீஸ் எழுந்துவிட்டாள். "போலாம் எஸ்ரா. குழந்தையை எடு."

"உக்காரு."

"போலாம்னு சொல்றேன்ல." குரல் இறங்கியது. எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்: "இது அக்கா இருந்த மாடி. எப்ப வெளிய விடுவாங்கன்னு நேத்து முழுக்க இந்தக் கதவையேதான் பாத்துட்டிருந்தேன். இங்கிருந்து வெளிய போயிட்டா பொழச்சிடுவேன். வாயைத் தொறந்தா இன்னொரு நாள் வெச்சிடுவாங்க. புரியுதா உனக்கு?"

புரிந்தது. அந்த இடத்திலிருந்து ஓட வேண்டும் என்று என்னைவிட அதிகமாக நினைத்தவர்கள் யாரும் இருக்க முடியாது. ஆறு வருஷமாக நான் செய்ததும் அதைத்தான். நான் கட்டிலுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்த்தேன்.

"தலை வலிக்குதா?"

அவள் பார்வையைத் தரைக்கு இறக்கினாள்.

"கண்ணுக்கு முன்னாடி மின்மினி பறக்குதா?"

புன்னகை போய்விட்டது. "உனக்கு எப்படித் தெரியும்?"

"உங்கக்கா சொன்னா."

அவள் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு, "ஒன்பது எஸ்ரா," என்றாள். "ரெண்டு இல்ல. ஒன்பது. விடியறதுக்கு முன்னாடியிலேருந்து."

நான் எழுந்தேன். எழுந்ததும் கெல்லியின் கண்கள் என் உயரத்தை அளந்ததைப் பார்த்தேன். அவள் கை சுவரிலிருந்த தொலைபேசிப் பக்கம் நகர்ந்தது. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், ஒரு மணிக்கட்டை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டேன். குரலைத் தாழ்த்தினேன்.

"மேடம், உங்க மெஷின்லயே ஒரு தடவை பாருங்க. பாக்குற வரைக்கும் நாங்க இங்கேருந்து கிளம்பல."

"சார், டிஸ்சார்ஜ் முடிஞ்சாச்சு. வெளிய ஒருத்தங்க இந்தக் கட்டிலுக்காகக் காத்திட்டிருக்காங்க. நான் செக்யூரிட்டியைக் கூப்பிடணுமா?"

"கூப்பிடுங்க மேடம். அவங்க வந்து சேர அஞ்சு நிமிஷம் ஆகும். பிரஷர் பாக்க ஒரு நிமிஷம்தான்."

அவள் கூப்பிட்டாள். கூப்பிட்டுவிட்டு, சக்கர நாற்காலிக்காரியிடம் "நீங்க நோயாளியை ஏத்துங்க" என்றாள்.

பெர்னடீன் வெள்ளைக் கையுறைகளை எடுத்து, அவசரப்படாமல் விரல் விரலாக மாட்டினாள். போய்க் கதவு நடுவில் நின்று வலது உள்ளங்கையை முன்னால் நீட்டினாள். ஜெப நேரத்தில் தாமதமாக வருபவர்களை அவள் நிறுத்தும் கை அது. தேர்தல் சமயத்தில் ஓட்டுக் கேட்டு வந்த மேயரையே அந்தக் கை பன்னிரண்டு நிமிடம் வாசலில் நிறுத்தி வைத்திருக்கிறது.

நாற்காலிக்காரி அந்தக் கையைப் பார்த்தாள். கையுறையைப் பார்த்தாள். அவளும் ஏதோ ஒரு சபையில் உட்கார்ந்து வளர்ந்தவள்தான். காலால் பிரேக்கை அழுத்தினாள்.

"கெல்லி, இந்த வண்டி ஓடாது. சக்கரம் பிடிச்சுக்கிச்சு."

"இப்பதானே ஓடி வந்தது?"

"இப்பதான் பிடிச்சுக்கிச்சு. வேற எடுத்துட்டு வரேன். கீழ்த்தளத்துல இருக்கும், தேடணும்." நாற்காலியை அங்கேயே விட்டுவிட்டுப் போனாள். அவ்வளவு மெதுவாக நடந்து போன ஒருவரை நான் பார்த்ததில்லை.

காவலர் வந்தார். நாற்பது வயதிருக்கும். வழியில் ஓடி வந்திருப்பார் போல, மூச்சு வாங்கியது. கைகலப்பை எதிர்பார்த்து வந்தவருக்கு, வெள்ளை உடுப்பில் ஒரு பெண்ணும், கையைப் பின்னால் கட்டி அசையாமல் நிற்கும் ஓர் ஆளும், தூங்கும் குழந்தையும்தான் கிடைத்தார்கள்.

"இங்க என்ன பிரச்சினை?"

"ஒரு பிரச்சினையும் இல்ல தம்பி," என்றாள் பெர்னடீன். "பிரஷர் பாக்கக் காத்திட்டிருக்கோம்."

"அதுக்கு என்னை எதுக்குக் கூப்பிட்டாங்க?"

"அதை நாங்களும் யோசிச்சிட்டுதான் இருக்கோம். ஏன் தம்பி, உங்கம்மாவுக்குப் பிரஷர் இருக்கா?"

"இருக்கு. ஏன்?"

"எவ்வளவு ஏறினா அவங்களைத் தூக்கிட்டு ஓடுவீங்க?"

அவர் யோசித்தார். "நூத்தி அறுபது."

"இங்க நூத்தி எழுபத்திரண்டு. பிள்ளை பெத்து ரெண்டு நாள்."

காவலர் லத்ரீஸைப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "கெல்லி மேடம், ஒரு தடவை பாத்துடுங்களேன்," என்றார். "நான் வேணா அந்த மெஷினைத் தள்ளிட்டு வரேன்."

அவரே தள்ளிக்கொண்டு வந்தார்.

கெல்லி பட்டையைச் சுற்றினாள். அது இறுகி, நின்று, மெல்லக் காற்றை விட்டது. எண் வந்தபோது அவள் எங்கள் பக்கம் திரும்பவில்லை. பட்டையைக் கழற்றி அடுத்த கையில் சுற்றினாள். நூற்று எழுபத்து நாலு, நூற்றுப் பதினாறு. அவள் முகத்திலிருந்த களைப்பெல்லாம் ஒரு நொடியில் போய், வேறு ஓர் ஆள் அங்கே நின்றாள். "படுங்க, மிஸஸ் பெட்வே," என்றாள். அப்புறம் ஓடினாள். அவளுக்கு ஓடத் தெரியும். அதை நான் சொல்லத்தான் வேண்டும்.

டாக்டர் ப்ரூயிட் வந்தார். கூட மூன்று பேர். இன்னொரு முறை பார்த்தார்கள். ஊசி ஏறியது, நரம்பில் மருந்து ஏறியது. "உள்ள தீ வெச்ச மாதிரி எரியுது," என்றாள் லத்ரீஸ். "அது மருந்தோட குணம், வலிப்பு வராம இருக்கத்தான்," என்று ஒவ்வொன்றையும் கெல்லி சொல்லிச் சொல்லிச் செய்தாள். என்னை யாரும் வெளியே போகச் சொல்லவில்லை. சுவரோரம் நின்றேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணைச் சத்தமாகச் சொன்னார்கள். நூற்று அறுபத்தெட்டு. நூற்று அறுபத்தொன்று. அடுத்த முறை அதே நூற்று அறுபத்தொன்று. பெர்னடீனின் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. நூற்று ஐம்பத்திரண்டு. நூற்று நாற்பத்து நாலு.

நூற்று நாற்பத்து நாலில் லத்ரீஸ் கண்ணைத் திறந்து ஜன்னல் திரையைப் பார்த்தாள். "அந்தத் திரையைக் கொஞ்சம் ஏத்துங்க," என்றாள். "மின்மினி போயிடுச்சு."

காவலர் இன்னும் தாழ்வாரத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். பெர்னடீன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டியதும் தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார்.

பிற்பகலில் டாக்டர் என்னிடம் வந்தார். "நீங்க கிளம்பியிருந்தா பாதி வழியில..." என்று ஆரம்பித்தார்.

"அந்த வழி எனக்குத் தெரியும் டாக்டர்," என்றேன். "ஆறு வருஷம் முன்னாடி இதே மாடி. இதே தலைவலி. அவ பேரு தவானா. நான் குரலை உசத்தினேன்னு வெளிய அனுப்பிட்டாங்க."

அவர் அப்போது இங்கே வேலையில் இல்லை. அதைச் சொல்லித் தப்பித்திருக்கலாம். சொல்லவில்லை. பக்கத்திலிருந்த நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "முழுசாச் சொல்லுங்க," என்றார். முழுதும் சொன்னேன். கூடைப்பந்து வர்ணனை உட்பட. ஒரு மனிதனிடம் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் கடைசிவரை கேட்டார். காலை ஆறு மணிக்குப் பார்த்த எண்ணை வைத்துப் பதினொரு மணிக்கு அனுப்பியது தன் தவறு என்றார். அதை எங்கள் மூவர் முன்னாலும் சொன்னார்.

பெர்னடீன் ஐம்பது மணி நேரத்துக்கு மேல் அங்கே இருந்தாள். "போங்க சிஸ்டர், போய்த் தூங்குங்க," என்றேன். "உங்க இடத்துல நான் நிக்கிறேன்."

"நீயா? ஆம்பளை வாசல் ஊழியர்னா போதகர் பேசும்போதே குறட்டை விடுவாங்க."

"நான் விடமாட்டேன்."

என்னை மேலும் கீழும் ஒருமுறை பார்த்தாள். பிறகு கையுறைகளைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போனாள். நான் மூன்று நாள் நின்றேன்.

வெள்ளிக்கிழமை டெஸ்மண்ட் வந்து சேர்ந்து, மகனைப் பார்த்து, மனைவியைப் பார்த்து, தரையில் உட்கார்ந்துவிட்டான். சனிக்கிழமை லத்ரீஸ் மருத்துவமனையின் சோளக் கஞ்சியை ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "உப்பும் இல்ல, வெண்ணெயும் இல்ல. பிரஷர் ஏறாம என்ன செய்யும்?" என்றாள். கெல்லி சிரித்துவிட்டாள். மறுநாள் தன் வீட்டிலிருந்து ஒரு டப்பாவில் ஏதோ கொண்டுவந்தாள். அதிலும் உப்பு இல்லை. இருந்தாலும் லத்ரீஸ் முழுவதும் சாப்பிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி டிஸ்சார்ஜ். நரைத்த தலைக்காரி நாற்காலியோடு வந்தாள். லத்ரீஸ் உட்கார்ந்த பிறகும் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை.

"எண் என்ன?" என்றாள் கெல்லியிடம்.

"நூத்தி இருபத்தாறு, எண்பத்திரண்டு. அஞ்சு நிமிஷம் முன்னாடி பாத்தது."

"அப்ப வண்டி ஓடும்."

அது அவளுடைய சொந்தச் சட்டமாகிவிட்டது என்று பிறகு கேள்விப்பட்டேன். எந்தத் தாயானாலும் சரி, எந்த நிறமானாலும் சரி, எண்ணைக் கேட்காமல் அந்த மாடியிலிருந்து நாற்காலியை நகர்த்தமாட்டாளாம். ஒரு மாதத்தில் மற்ற நாற்காலிக்காரர்களும் கேட்க ஆரம்பித்தார்கள். கோடைக்குள் அதை மருத்துவமனையே தாளில் அச்சடித்துச் சுவரில் ஒட்டியது. கீழே யார் யாரோ பெரிய ஆட்களின் கையெழுத்து.

திரும்பும் வழியில் நான்தான் ஓட்டினேன். டெஸ்மண்ட் பின்னால் உட்கார்ந்து, குழந்தை மூச்சு விடுகிறதா என்று நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டு வந்தான். முப்பத்தைந்தாவது மைல் இருக்கும். பாதை ஓரத்தில் ஒருவன் பெரிய பாத்திரத்தில் வேர்க்கடலை அவித்துக்கொண்டிருந்தான்.

"நிறுத்து," என்றாள் லத்ரீஸ்.

"உப்பு ஆகாதுன்னு சொல்லியிருக்காங்க," என்றான் டெஸ்மண்ட்.

"நாலே நாலு கடலை. நாலு கடலையில செத்தா என் பேர்ல எழுதிக்கோ."

காரை நிறுத்தினேன். யார் கையையும் பிடிக்காமல் இறங்கி, இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, தன் காலில் மெல்ல நடந்து போனாள். இரண்டு பக்கமும் பைன் மரங்கள். வியாழக்கிழமை கிளம்பியிருந்தால் என்று டாக்டர் சொல்ல வந்த பாதி வழி அதுதான். கடலைக்காரனிடம் அவள் காரம் போட்டதா போடாததா என்று வாதாடும் குரல் கார் வரைக்கும் கேட்டது. நன்றாக உரத்த குரல். ஸ்டியரிங் மேல் நெற்றியை வைத்துக்கொண்டேன்.

ஜன்னலைத் தட்டினாள்.

"அழறதுன்னா இறங்கி நின்னு அழு. டெஸ்மண்டைப் பாரு, அவனும் ஆரம்பிச்சிட்டான். ரெண்டு பேரும் அழுதா யாரு வண்டி ஓட்டுறது?"

இறங்கினேன். காகிதப் பையை என் கையில் திணித்தாள்.

"பிடி. சூடா இருக்கு, பாத்து."